மறு: குழாய்வழி ஊட்டப் பொருட்கள் – 'தீர்பொருள்' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கோத்தகிரிப் பக்கம் வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதும்போதுதான், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குக் குழாய் வழியே ஊட்டம் கொடுக்கப் பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பை, சிரிஞ்ச் போன்றவற்றுக்கு ஒரு பொதுச் சொல் தேவைப்பட்டது. இதற்குக் குழுவில் இதுவரை வந்த இரண்டு பரிந்துரைகளுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

> குழாய் உணவுப் பொருட்கள்

இதில் 'உணவு' வேண்டாம். பணம் தர முடியாத பொருட்கள் என்று பாலிசியோடு இணைக்கும் பட்டியலில், மருத்துவமனை தரும் நோயாளி உணவு தவிர மற்ற உணவுச் செலவு இருக்கிறது. வீட்டில் கொடுப்பதற்கு நாமே 'உணவு' என்று பெயர் வைத்தால், மறுக்க நாமே வழி காட்டியதாகிவிடும். விவரம் எழுதாத 'கிட்'டும் அதே பட்டியலில் உண்டு. அதனால் 'குழாய்த் தொகுப்பு' என்று பொதுவாகச் சொல்வதும் உதவாது.

> நுகர்பொருட்கள்

அகராதிப்படி பிழையில்லை ஐயா. ஆனால் நுகர்பொருள் என்றதும் நம் ஊரில் வாணிபக் கழகமும் ரேஷன் அரிசியும்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: தீர்பொருள். பயன்படுத்தத் தீர்ந்துபோவது, வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 'பை தீந்துடுச்சு, சிரிஞ்ச் தீந்துடுச்சு' என்று வீடுகளில் சொல்வதும் இதைத்தான்.

அமெரிக்காவில் தனியார் காப்பீட்டுக்கு பில் போடும் முறையைப் பார்த்தால் பிரிவினை தெளிவாக இருக்கிறது. சத்துக்கலவைக்குத் தனிக் குறியீடு, 100 கலோரி ஓர் அலகு. குழாய்க்கும் தனிக் குறியீடு. மற்றவை நாள் கணக்கு: சிரிஞ்சில் கொடுத்தால் பி4034, பம்ப்பில் பி4035, மேலே மாட்டித் தானாக இறங்கவிட்டால் பி4036. நாமும் அப்படியே பிரிக்கலாம். மூக்கு வழியோ வயிறு வழியோ உள்ளே இருப்பது ஊட்டுகுழாய், உள்ளே போவது ஊட்டக்கலவை, மிச்சமெல்லாம் ஊட்டத் தீர்பொருள். முறையைச் சொல்ல சிரிஞ்ச்வழி, பம்ப்வழி, சொட்டுவழி. (கடைசியதற்கு 'ஈர்ப்புவழி' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொட்டு நீர்ப் பாசனம் தெரிந்த மலைக்காரர்களுக்குச் 'சொட்டு' உடனே புரியும்.)

நாள் கணக்கை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோயம்புத்தூர் போய்வர முடியாது. அதனால் குடும்பங்கள் ஒரு மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கி வைக்கின்றன. ஒரே தேதியில் முப்பது பைகளுக்கு பில் வந்தால் காப்பீட்டு நிறுவனம் 'ஏன் இத்தனை?' என்று கேட்கத்தான் செய்யும். பையை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதி, '30 நாள் தீர்பொருள், சொட்டுவழி' என்று படிவத்தில் குறித்தால் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவுக்குப் பல பாலிசிகள் 60 நாள் என்று வரம்பு வைத்திருப்பதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கேள்வியும் பதிலுமாகவே அந்த நாட்கள் ஓடிவிடக் கூடாது.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), கிளைம் (காப்பீட்டுத் தொகை கேட்பது) இரண்டையும் கையேட்டில் அப்படியே விட்டுவிடுகிறேன். மருந்துக்கடையிலும் படிவத்திலும் அவைதான் இருக்கின்றன.

'குழாயூட்டி' என்று நம் குழுவில் ஓர் அக்கா முன்பு எழுதியதைப் பம்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பாலூட்டி போல ஊட்டுவதைத்தானே அது குறிக்கும்? மருந்தாளுநர்கள் யாராவது குழுவில் இருந்தால், பில்லில் இந்தப் பிரிவுகளைத் தனித்தனி வரியாக அச்சிட முடியுமா என்று சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் கையேட்டின் அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து