குசினி லாச்சிக்கு அடிப்பலகை எதில் போடுவது?

கோண்டாவில்_வீடு:
வணக்கம். எங்கள் குசினியில் ஆறு லாச்சி (இழுப்பறை), செய்து மூன்று வருசம்தான். போன மாரியோடு பெரிய லாச்சி இரண்டும் நடுவில் வயிறு வைத்துத் தொங்குகின்றன, இழுத்தால் கீழ்ச் சட்டத்தில் உரசுகிறது. கழற்றிப் பார்த்தால் 3 மி.மீ. ஹாட்போட் (அழுத்திச் செய்த மெல்லிய பலகை), அதைச் செருகத் தவாளிப்பு ஒன்றும் இல்லை, கீழேயிருந்து சின்ன ஆணி அடித்து விட்டிருக்கிறார்கள். உள்ளே இடியப்ப உரல், புட்டுக்குழல், கழுவிக் காயாத நீத்துப்பெட்டி (அம்மாவிடம் சொல்லி வேலையில்லை). பெரியது 32 அங்குல அகலம், 20 ஆழம். மற்ற நாலும் 18க்கு 20. பெட்டிகள் நல்லாகத்தான் இருக்கின்றன, அடியை மட்டும் மாற்ற வேண்டும். கடைக்காரர் எம்டிஎப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) என்கிறார், ஓடாவியார் பலாப்பலகை என்கிறார், தம்பி அலுமினியத் தகடு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

மரத்தூள்:
எம்டிஎப்பை விட்டுவிடுங்கள். விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது, மேலே மெலமைன் தாள் ஒட்டியிருந்தாலும் வெட்டிய விளிம்பு திறந்துதானே கிடக்கும். 6 மி.மீ. வாட்டர்புரூப் பிளைவூட் போடுங்கள். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். வாட்டர்புரூப் என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு விரல் நீளத் துண்டு கேட்டு வாங்கி வந்து இரண்டு மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். யூரியாப் பசை என்றால் அடுக்குகள் கழன்று வரும், பீனோல் பசை விடாது. எனக்குத் தேத்தண்ணிக் கேத்தலே பழுதானது, அதனால் பழைய சட்டியில் செய்யுங்கள்.

பழைய_உளி:
ஓடாவியார் சொன்னதும் பிழையில்லை தம்பி. எங்கள் பழைய வீட்டு லாச்சிகள் வைரமுள்ள பலாப்பலகைதான், இன்னும் கிடக்கின்றன. ஆனால் முழுப்பலகை மாரியில் அகலப்பாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் ஒன்று வெடிக்கும் அல்லது பெட்டியின் மூட்டைத் தள்ளித் திறந்துவிடும். நார் இடம் வலமாக ஓட வேண்டும், முன்பக்கம் மட்டும் பசை, பின்னால் நீளத் துளை போட்டுத் திருகாணி. இவ்வளவையும் பார்த்துச் செய்ய இப்போது யாருக்குப் பொறுமை? பிளைவூட் அப்படி அசையாது. உங்களுக்கு அதுதான் சரி.

உங்கள் பெட்டியில் தவாளிப்பு இல்லாதபடியால் உட்பக்கம் சுற்றி அரை அங்குல ரீப்பை (ஒடுங்கிய மரச்சட்டம்) பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்தி, அதன்மேல் பலகையை வையுங்கள். கொஞ்ச உயரம் குறையும், பரவாயில்லை. கீழேயிருந்து அடித்தால் பாரம் முழுக்க ஆணித் தலையில், உங்களுக்கு நடந்ததும் அதுதான். 32 அங்குலத்துக்கு நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம், இல்லாவிட்டால் அந்த இரண்டுக்கும் 9 மி.மீ. போடுங்கள்.

சாவகச்சேரி_அக்கா:
அலுமினியம் நாங்கள் போட்டோம். கறையானும் இல்லை, ஈரமும் ஏறாது. ஆனால் மெல்லிய தகடு என்றால் ஒரு கரண்டி போட்டாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும், உரல் வைத்த இடம் பள்ளமாகிவிட்டது. கடைசியில் கீழே பலகை கொடுத்துத்தான் நிமிர்த்தினோம், அப்படியென்றால் எதற்குத் தகடு? பிவிசி (பிளாஸ்டிக்) பலகையும் சின்ன லாச்சிக்குக் காணும், பாரத்துக்கு நாளடைவில் வளையும்.

மரத்தூள்:
மறந்துவிட்டேன். பூட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் வார்னிஷ், விளிம்புக்கு இரண்டு தரம். பூட்டிய பிறகு விளிம்புக்குத் தூரிகை போகாது.

கோண்டாவில்_வீடு:
எல்லோருக்கும் நன்றி. 8க்கு 4 அடிச் சீற்றில் கீறிப் பார்த்தேன், ஆறும் ஒன்றிலேயே வந்துவிடுகிறது, துண்டும் மிச்சம். அதனால் எல்லாவற்றுக்கும் 6 மி.மீ., பெரியது இரண்டுக்கும் நடுவில் கட்டை. முதல் கடைத் துண்டு முக்கால் மணித்தியாலத்தில் புத்தகம் மாதிரி விரிந்தது. இரண்டாவது கடைத் துண்டு இன்னும் அடுப்பில் கிடக்கிறது, அம்மா என்ன கறி என்று கேட்கிறா.