காசிமேட்டில் ஒரு வலை கட்ட உதவி வேண்டும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனா முதல் அலையில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமாக ராயபுரம் பல வாரங்கள் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் வழக்கமாக ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். 2020-இல் மார்ச் கடைசியிலேயே படகுகள் நின்றுவிட்டன. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்தை எப்போதோ கழற்றியாயிற்று, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த பயத்தைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. என் அத்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள்.

அதனால் நானும் மூன்று தோழிகளும் காசிமேட்டில் ஒரு பழைய மீன்வலையைத் தொங்கவிடப் போகிறோம். வருகிறவர்கள் அந்த நாட்களைப் பற்றித் துணித்துண்டில் ஒரு வரி எழுதி வலையில் முடிந்துவிட்டுப் போகலாம். பெயர் வேண்டாம். எழுத வராதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதித் தருவோம். 2011-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர் ஒரு பாழடைந்த வீட்டுச் சுவரைக் கரும்பலகையாக்கி, சாவதற்கு முன் என்ன செய்ய ஆசை என்று ஊராரை எழுத வைத்தார். அது தந்த துணிச்சல்தான் இது.

கிழிந்த வலை தரக்கூடிய அண்ணன்கள் யாராவது தெரியுமா? பழைய வெள்ளை வேட்டி இருந்தாலும் கொடுங்கள். அப்புறம் முக்கியமாக, மனநல ஆலோசகர் ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணைப் பலகையில் எழுதி வைப்போம். ஆனாலும் எழுதும்போது உடைந்து அழுகிறவரை ஒரு எண்ணை மட்டும் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கீழே சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.