பல்பைப் போட்டால் 8 வோல்ற், கழற்றினால் 12: மிச்சம் எங்க போகுது?

வெல்லாவெளிப் பெடியன்:
எங்கட வயல் வட்டைக்கு யானை வாறதால ராவில காவல். காவல் வாடியில உழவு மிசின் பற்றரி. 40 மீற்றர் தள்ளி மருத மரத்தில 12 வோல்ற் 21 வாற் பிறேக் லைற் பல்ப். மங்கலாத்தான் எரியுது. மீற்றர் வச்சன்: பற்றரியில 12, பல்படியில 8. பல்பைக் கழற்றிப்போட்டு அதே வயர் நுனியில பார்த்தால் திரும்பவும் 12! வயர் 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, புதுசு. ஓமின் விதி (வோல்ற் = ஓட்டம் × தடை) இதுக்குப் பொருந்துதில்லையே?

வாழைச்சேனையான்:
வயரில கரண்ட் லீக்காகுது. மாத்துங்க.

களுதாவளை வயர்மேன்:
லீக் எண்டால் கழற்றினாலும் 12 வராது.

மனே, விதி பொருந்துது, நீங்கதான் வயரைக் கணக்கில சேர்க்கல்ல. போக 40, வர 40, மொத்தம் 80 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு மீற்றருக்கு 0.0172 ஓம். உங்கட வயரின்ர குறுக்குவெட்டுப் பரப்பு அதில பாதி, அப்ப தடை இரட்டிப்பு. 80 மீற்றருக்கு 2.75 ஓம். வயர் தின்ற 4 வோல்ற்றை 2.75 ஆல பிரியுங்க, 1.45 அம்பியர். அதே ஓட்டம்தான் பல்புக்குள்ளயும் போகுது. பல்பைக் கழற்றினால் ஓட்டம் இல்ல. பூச்சியத்தை எந்தத் தடையால பெருக்கினாலும் பூச்சியம். அதான் 12 அப்படியே வந்து நிக்குது.

ரெண்டு வழி இருக்கு. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 1 வோல்ற்றுக்குள்ள வரும், ஆனா காசு. இல்லாட்டி 12 வோல்ற் 5 வாற் எல்ஈடி: 0.4 அம்பியர்தான் எடுக்கும், 1.1 வோல்ற்தான் போகும். பற்றரியடியில பியூஸ் கட்டாயம்.

இன்னொண்டு: யானைக்கெண்டு வீட்டு 230 வோல்ற்றை மட்டும் வேலிக் கம்பியில குடுத்திராதீங்க. நனைஞ்ச தோலில தடை குறைவு, அதே 230க்கு ஓட்டம் கூடும். விடிய வரம்பால தண்ணி பார்க்க வாற மனிசன் செத்திருவான். கெஞ்சிக் கேக்கிறன்.

வெல்லாவெளிப் பெடியன்:
கும்பிடுறன் அண்ணே, அதைச் செய்யமாட்டன். கழற்றின பல்பின்ர தடை மீற்றரில 0.7 ஓம்தான் காட்டுது. 8ஐ 1.45 ஆல பிரிச்சால் 5.5 வரணுமே?

களுதாவளை வயர்மேன்:
நீங்க அளந்தது குளிர்ந்த இழை. அந்த இழையின்ர உலோகமான தங்குதன் சூடேற ஏறத் தடை பல மடங்கு கூடும். வெப்பநிலை மாறாட்டித்தான் கடத்தியின்ர தடையும் மாறாமல் நிக்கும்.

வெல்லாவெளிப் பெடியன்:
எல்ஈடி மாட்டினன். பல்படியில 10.9. மரத்தடி வரம்பு முழுக்கத் தெரியுது. பியூஸ் நாளைக்கு களுவாஞ்சிக்குடியில வாங்கிறன்.