ஆம்புலன்ஸ் வேலை பார்க்கும் தம்பிக்கு இழப்பீடு கிடைக்குமா?

வணக்கம். மண்டபம் பக்கம் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் என் தம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்து, கரை ஒதுங்கிய உடல் என்று எத்தனையோ பார்த்தவன்தான், ஆனால் மார்கழியில் ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் ஏந்தி ஓடியதில் இருந்து தூக்கமே இல்லை, சைரன் கேட்டாலே நடுங்குகிறான். அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார்.

டாக்டர் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தக்காரரோ, காயமே இல்லையே, இழப்பீடு எதுக்கு என்கிறார். 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் சரி, மூன்றாம் அட்டவணைத் தொழில் நோய்களில் இது இல்லை. அப்படியென்றால் வேலையில் நேர்ந்த விபத்தால் வந்த பாதிப்பு என்று கேட்க முடியுமா? இப்படி வழக்கு நடத்திய வக்கீல் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ தெரிந்தால் சொல்லுங்கள். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசிவிட்டோம், அது ஓரளவு ஆறுதல்.