வளவு வீட்டுக் கணினியில் புள்ளி எண்ணிய கதை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வளவு வீடு, அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று கூடும்போது எல்லோருக்கும் பொதுவாக முகப்பில் ஒரே கணினிதான். வந்தவர்கள் குரோம் உலாவியில் ஆளுக்கொரு புரொஃபைல் (தனிக் கணக்கு) திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கணினியை மாற்றுவதற்கு முன் யாருடையது எது என்று பிரித்துத் தரும்படி காரைக்குடியிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள்.

"இந்த வீட்டில் எத்தனை புள்ளி என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன் தம்பி. அந்தப் பெட்டிக்குள் எத்தனை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் வீட்டு ஆச்சி. நகரத்தார் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி; கோயிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான்.

முதலில் சோம்பேறித்தனமாக ஒரு வேலை செய்தேன். விண்டோஸில் நிரல்களின் தரவு இருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் லோக்கல், கூகுள், குரோம் என்று இறங்கினால் 'யூசர் டேட்டா' வரும். அதில் 'டிஃபால்ட்' என்றோ, பெயரில் 'புரொஃபைல்' என்றோ இருக்கும் ஃபோல்டர்களை ஒரு சிறு நிரலிடம் எண்ணச் சொன்னேன். எட்டு வந்தது. அவற்றில் 'கெஸ்ட் புரொஃபைல்', 'சிஸ்டம் புரொஃபைல்' இரண்டும் குரோம் தனக்காக வைத்துக்கொள்பவை. வீட்டு ஆட்கள் அல்ல. மிச்சமிருந்தவை டிஃபால்ட், 1, 3, 4, 7, 8. நடுவில் விட்டுப்போன எண்கள் அழிக்கப்பட்ட புரொஃபைல்களுடையவை. குரோம் அந்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் 'புரொஃபைல் 4' என்பது யார்?

பதில் அதே யூசர் டேட்டாவில் 'லோக்கல் ஸ்டேட்' என்ற கோப்பில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் கோப்பு வகையைச் சொல்லும் ஒட்டு எதுவும் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது ஜேசன் என்ற தரவு வடிவம்தான். அதில் 'புரொஃபைல்', அதற்குள் 'இன்ஃபோ_கேச்'. ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் நேரே ஆளின் பெயர். அதைப் படிக்கப் பைத்தான் நிரல்மொழியில் ஆறு வரி. என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. அந்த வீட்டில் ஓட்டியதும் 8டி (பதினாறடிமான எண்) என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது.

அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். ஒரு புரொஃபைலின் பெயர் 'ஆச்சி', தமிழிலேயே. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை கோப்பில் யூடிஎஃப்-8, பைத்தானோ தமிழ் எழுத்தே இல்லாத விண்டோஸ்-1252 என்று நினைத்துத் திறக்கிறது. தமிழ்ப் புள்ளிக்கு மூன்று பைட்டுகள், கடைசி பைட் 8டி. 1252-இல் அந்த இடம் காலி. ஆக, 'ச்' மேலிருந்த புள்ளிதான் வழியை மறித்திருக்கிறது! 'மாமா' என்று இருந்திருந்தால் பிழையே காட்டாமல் பெயரைக் குப்பை எழுத்துகளாக்கிக் கொடுத்திருக்கும்; அது இன்னும் மோசம். கோப்பைத் திறக்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று எழுதியதும் ஆறு பெயரும் வந்துவிட்டன.

ஆச்சியிடம் காட்டினேன். "நாலாவது இவனா? அந்தப் பையன் வந்து மூன்று வருடம் ஆகிறதே" என்றார்.

ஃபோல்டரை அப்படியே புதுக் கணினிக்கு நகல் எடுத்தால் புக்மார்க்குகள் வந்துவிடும். சேமித்த கடவுச்சொற்கள் வராது. அவற்றின் பூட்டு பழைய கணினியின் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. அதை அவரவர்தான் வந்து எடுக்க வேண்டும்.

*இதைப் படித்த ஒருவர், தேவகோட்டையிலிருந்து:*

எங்கள் கடையில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி. ஆப்டேட்டாவில் ரோமிங் பக்கம் மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ், அங்கே 'புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ' என்ற எளிய கோப்பிலேயே பெயரும் பாதையும் இருக்கின்றன. நான் எல்லாப் பகுதிகளையும் எண்ணி ஏமாந்தேன். 'இன்ஸ்டால்' என்று தொடங்கும் பகுதி ஆள் கணக்கில் சேராது. 'புரொஃபைல்' என்று தொடங்குபவற்றை மட்டும் எடுங்கள்.