ஜேம்ஸ் ஸ்டீவர்ட் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதானா?

கறுப்புவெள்ளை:
‘தி நேக்கட் ஸ்பர்’ (1953) படத்தை நேற்று இரவு மறுபடி பார்த்தேன். முடிந்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஜேம்ஸ் ஸ்டீவர்ட் என்றாலே நம் ஆட்கள் பலர் “ஒல்லியான, உயரமான, இழுத்து இழுத்துப் பேசுகிற நல்ல பிள்ளை” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் அந்தக் கால ஹாலிவுட் நாயகர்களிலேயே மிகவும் பயமூட்டுகிறவர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய பிறகு, 1946 முதல் 1959 வரை அவர் நடித்த நல்ல படங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சாதுவான முகத்துக்கு அடியில் ஒரு வெறி இருக்கிறது.

இந்தப் படத்தில் அவர் பெயர் ஹோவர்ட் கெம்ப். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போகும்போது, கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணை நம்பி நிலத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அவள் அதை விற்றுவிட்டு வேறொருவனோடு போய்விடுகிறாள். நிலத்தை மீட்கப் பணம் வேண்டும். அதற்காகத் தலைக்கு 5000 டாலர் விலை வைக்கப்பட்ட ஒருவனைத் துரத்துகிறான். கடைசியில் ஆற்று வெள்ளத்திலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறான், விடவே மாட்டேன் என்று கத்துகிறான், கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து அழுதுவிடுகிறான். கௌபாய் படத்தின் நாயகன் ஒருவன் இப்படி வெட்கமில்லாமல் அழுது நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பின்வரிசை:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள் நண்பரே, ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டீவர்ட் எந்தப் படத்திலும் ஸ்டீவர்ட்தான். அதே தயக்கம், அதே இழுவை. வக்கீலானாலும் மருத்துவரானாலும் விமானியானாலும் குரல் மாறாது.

வயதையும் பாருங்கள். சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோது அவருக்கு வயது 25. ‘தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ (1957) படத்தில் அந்த வேடத்தைப் போட்டவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்டீவர்ட்! ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ (1962) படத்தில் சட்டம் படித்து முடித்த கையோடு மேற்குக்கு வரும் இளைஞனாக ஐம்பதைத் தாண்டியவர் வருகிறார். எனக்கு மனம் ஒட்டவே இல்லை.

அவருக்குக் கிடைத்த ஆஸ்கரும் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ படத்துக்குத்தான். அந்த வருடம் போட்டியில் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்துக்காக ஹென்றி ஃபோண்டா இருந்தார். தன் ஓட்டை ஃபோண்டாவுக்குத்தான் போட்டதாக ஸ்டீவர்ட்டே சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லும் அந்த வெறி இயக்குநர்கள் அவரிடமிருந்து பிழிந்தெடுத்தது. ‘தி நேக்கட் ஸ்பர்’ எடுத்த ஆன்டனி மேனுக்கும் ஹிட்ச்காக்குக்கும் சேர வேண்டிய பெருமையை நடிகருக்குக் கொடுக்கிறீர்கள்.

தாமிரபரணி:
பின்வரிசை சார், அந்த ஓட்டு விஷயம் ஸ்டீவர்ட்டின் நல்ல மனதைத்தான் காட்டுகிறது. நியூயார்க்கில் வாய்ப்புக்கு அலைந்த நாட்களில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள் அவர்கள் இருவரும். ஆனால் நான் எழுத வந்தது கறுப்புவெள்ளை அண்ணாவுக்கு. போருக்குப் பிறகுதான் அந்த வெறி வந்தது என்பது சரியில்லை அண்ணா. ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ 1939இல் வந்த படம். செனட்டில் உட்காராமல், ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே நிற்கிறான் ஸ்மித். தொண்டை கட்டிப்போய், தாடி முளைத்து, அவனுக்கு எதிரான தந்திகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டும்போது அவற்றுக்கு நடுவே கை விட்டு அள்ளுகிறானே, அந்தக் கண்களைப் பாருங்கள். நல்ல பிள்ளையின் கண்களா அவை? தொண்டை நிஜமாகவே கரகரக்க வேண்டும் என்று மருத்துவரை வைத்துப் பாதரச மருந்து தடவிக்கொண்டு நடித்தார். அந்தப் பிடிவாதம் அவருக்குள் ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

கறுப்புவெள்ளை:
தாமிரபரணி, ஸ்மித்தின் பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவன் சொல்வது சரி, உலகம் தப்பு. அதனால் நாமும் அவன் பக்கமே நிற்கிறோம். 1946க்குப் பிறகு அந்த வசதி நமக்கு இல்லை.

அவர் 1941 மார்ச்சிலேயே ராணுவத்தில் சேர்ந்தார், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு எட்டு மாதம் முன்பே. எடை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பி-24 குண்டுவீச்சு விமானங்களில் 20 தாக்குதல் பயணங்கள் போய்வந்தார். திரும்பி வந்ததும் நடித்த முதல் படம் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. அதைக் கிறிஸ்துமஸ் இனிப்பு மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள். 8000 டாலர் தொலைந்துபோன இரவில் ஜார்ஜ் பெய்லி வீட்டுக்கு வரும் காட்சியைப் பாருங்கள். பியானோ வாசித்துப் பழகும் மகளைப் பார்த்துக் கத்துகிறான். மூலையில் தான் செய்து வைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்துத் தள்ளுகிறான். வாழ்நாள் முழுக்க பாலம் கட்ட ஆசைப்பட்டவன் அவன்! குழந்தைகள் மிரண்டுபோய் நிற்கிறார்கள். இங்கே அவன் பக்கம் நிற்க முடியவில்லை, அவனை வெறுக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு மதுக்கடையில் முணுமுணுத்தபடி கடவுளை வேண்டும்போது கண்ணீர் வருகிறதே, அது திட்டமிட்டது இல்லை. கேமரா சற்றுத் தள்ளி இருந்தது. மறுபடி எடுத்தால் அது வராது என்று, எடுத்த காட்சியையே பிறகு ஆய்வகத்தில் பெரிதாக்கிக்கொண்டார் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா.

பின்வரிசை:
அந்த மதுக்கடைக் காட்சிக்கு எதிராக நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது நல்ல நடிப்பு.

ஆனால் ‘ரியர் விண்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கால் உடைந்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர் வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஒரே முகத்தைக் காட்டி அடுத்து குழந்தையைக் காட்டினால் அன்பு, வேறொன்றைக் காட்டினால் காமம் என்று ஹிட்ச்காக்கே விளக்கியிருக்கிறார். எடிட்டிங் செய்த வேலை அது.

‘வெர்டிகோ’வில் இன்னும் மோசம். படம் எடுத்தபோது கிம் நோவாக்குக்கு 24 வயது, இவருக்கு 49. கேரி கிராண்ட் நடித்திருந்தால் அந்தக் காதலை நம்பியிருக்கலாம்.

கறுப்புவெள்ளை:
கிராண்ட் ஸ்டீவர்ட்டைவிட நான்கு வயது மூத்தவர்! அடுத்த வருடமே ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டில் அவரை ஓடவிட்டார் ஹிட்ச்காக். வயது அவர் முகத்தில் தெரியாது, அவ்வளவுதான். ‘வெர்டிகோ’வுக்கு வயது தெரிகிற முகம்தான் வேண்டும்.

தான் காதலித்து, செத்துப்போனதாக நினைக்கும் மேடலினைப் போலவே, பிறகு சந்திக்கும் ஜூடியை மாற்ற வேண்டும் என்று ஸ்டீவர்ட்டின் ஸ்காட்டி அலைகிறான். துணிக்கடையில் அதே சாம்பல் நிற உடை, அதே காலணி. அவள் அழுகிறாள். “முடியின் நிறத்தையும் மாற்றிக்கொள், உனக்கு என்ன வந்தது” என்று கெஞ்சுகிற தொனியில் கேட்கிறான். அவன் மிரட்டவே இல்லை. நீங்கள் “அதே இழுவை” என்று சலித்துக்கொண்டீர்களே, அந்தப் பணிவான தயங்கும் குரலில்தான் ஒரு பெண்ணின் அடையாளத்தையே அழிக்கிறான். கிராண்ட் இதைக் கேட்டிருந்தால் கட்டளையாக ஒலித்திருக்கும். பிறகு விடுதி அறையில், பச்சை நியான் வெளிச்சத்தில், கொண்டையும் போட்டுக்கொண்டு அவள் வருகிறாள். அவன் முகத்தில் காதலா, பக்தியா, பசியா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

‘ரியர் விண்டோ’ பற்றி: கிரேஸ் கெல்லி எதிர் வீட்டில் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். இவரால் எழுந்து ஓட முடியாது. நாற்காலியில் நெளிகிறார், பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார். எந்த எடிட்டர் அதை ஒட்டவைப்பார்?

தாமிரபரணி:
இயக்குநர்கள் பிழிந்தெடுத்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு பதில். ‘வின்செஸ்டர் 73’ (1950) முதலில் ஃபிரிட்ஸ் லாங் எடுப்பதாக இருந்தது. அவர் விலகியதும் ஆன்டனி மேனை அங்கே கொண்டுவந்ததில் ஸ்டீவர்ட்டுக்குப் பங்கு உண்டு. முன்பணமாகப் பெரிய சம்பளம் வாங்காமல் லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டதும் அந்தப் படத்துக்குத்தான். படம் ஓடாவிட்டால் அவருக்கும் நட்டம். அப்படிப்பட்ட படத்தில், வில்லனாக வரும் டேன் டுரியாவின் கையை முறுக்கி முகத்தை மதுக்கடை மேஜையில் அழுத்துகிற வேடத்தை ஏற்றுக்கொண்டார். 1955க்குள் மேனோடு மொத்தம் எட்டுப் படங்கள். இருட்டான பக்கத்தை அவரே தேடிப்போனார் சார்.

அண்ணாவிடமும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். ஸ்மித்தின் மேல் நமக்குச் சந்தேகமே வருவதில்லை என்பது உண்மைதான்.

பின்வரிசை:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். ‘தி நேக்கட் ஸ்பர்’ பார்த்துவிட்டேன். முழுக்க மலையும் பாறையும் ஐந்தே ஐந்து பேரும், நல்ல படம்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை வருடக் கசப்பு ஒரே நிமிடத்தில் கரைவதை நம்ப முடியவில்லை, ஸ்டீவர்ட் அழுவதாகக் கறுப்புவெள்ளை சொன்ன அதே இடம்தான். ஆனால் காயத்தில் காய்ச்சல் வந்து பிதற்றும் காட்சி இருக்கிறதே! பக்கத்தில் இருக்கும் ஜேனட் லீயை, தன்னை விட்டுப் போன பெண் என்று நினைத்துக்கொண்டு நிலத்தைப் பற்றி மென்மையாகப் பேசுகிறான். அதே இழுவை, அதே தயக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. குரல் மாறவில்லை என்று நான் எழுதியது சரிதான், அதைக் குறை என்று எண்ணியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லிண்ட்பர்க் வேடத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன். ‘வெர்டிகோ’வை மறுபடி பார்க்க இன்னும் மனம் வரவில்லை. மேன் படங்களில் அடுத்து எது?

கறுப்புவெள்ளை:
லிண்ட்பர்க்கை நானும் தாங்கிப் பேசப்போவதில்லை. அடுத்து ‘தி மேன் ஃப்ரம் லாரமி’ (1955) பாருங்கள். பண்ணையாரின் மகன் தன் ஆட்களை விட்டு ஸ்டீவர்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, துப்பாக்கியை உள்ளங்கையில் வைத்தே சுடுகிறான். அந்த இடத்தில் துப்பாக்கியைப் பார்க்காதீர்கள். சுடப்போகிறான் என்று புரியும்போது ஸ்டீவர்ட்டின் முகத்தில் வருவதைப் பாருங்கள், பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.