24 யூனிட் பேட்டரி, 680 கிலோமீட்டர், ஆடிக் காற்று: நாகர்கோவிலுக்குக் காரிலேயே போகலாமா?

பெருங்களத்தூரான்:
வணக்கம். என்கிட்ட இருக்கிறது டியாகோ இவி, 24 கிலோவாட் மணி (அதாவது 24 யூனிட்) பேட்டரி. வாங்கி 2 வருஷம் ஆச்சு. ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல், எப்பவாவது காஞ்சிபுரம். அதைத் தாண்டி வண்டியை எடுத்ததே இல்ல. இந்த ஆடியில நாகர்கோவில் பக்கம் எங்க குலதெய்வக் கோயில்ல கொடைத் திருவிழா. சென்னை பெருங்களத்தூர் வீட்டு வாசல்ல இருந்து சுமார் 680 கி.மீ. நான், மனைவி, 2 பிள்ளைங்க, அம்மா (68 வயசு, சர்க்கரை, மூட்டு வலி). 2022-ல வண்டி வந்தப்போ கம்பெனி சொன்ன ரேஞ்ச், அதாவது ஒரு தடவை முழுசா ஏத்தினா ஓடுற தூரம், 315 கி.மீ. எனக்கு ஊருக்குள்ள 200 வருது. 5 பேரை ஏத்தி, ஏசி போட்டு ஹைவேல போனா என்ன ஆகும்? வேணாம்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

டீசல் துரை:
வேணாம் தம்பி. காரணம் கேட்டீங்க, இந்தாங்க. என் வண்டி லிட்டருக்கு 20 குடுக்குது. 680 கிலோமீட்டருக்கு 34 லிட்டர், 3,200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பினா திருச்சியில காலை டிபன், சாயங்காலத்துக்கு ரொம்ப முன்னாடியே நாகர்கோவில். நீங்க வழியில 5 இடத்துல குழாயைச் சொருகிட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருக்கணும். அதுவும் இல்லேன்னா ரயில் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல இருந்து வந்தே பாரத் ஓடுது, காலை 5 மணிக்கு எழும்பூர்ல ஏறினா மதியம் 2 மணிக்குள்ள நாகர்கோவில்ல இறங்கலாம். சர்க்கரைக்கார அம்மாவை வெச்சுக்கிட்டு சோதனை ஓட்டம் எதுக்கு?

கோவை வயர்மேன்:
போலாங்க, தாராளமா போலாம். இதே வண்டியில கோவையில இருந்து சென்னைக்கு 3 தடவை போய்ட்டு வந்திருக்கேன். 315-ங்கறது லேப்ல வர்ற நம்பர், அதை மறந்திருங்க. ஸ்பீடோமீட்டர்ல 80 வெச்சு ஓட்டினா யூனிட்டுக்கு 8 கி.மீ. வரும். 5 பேரு, ஏசி, டிக்கி நிறைய சாமான்னா 7.5-னு வெச்சுக்கங்க. 100 சதவீதத்துல கிளம்பி 15-ல நிறுத்தினா 150 கி.மீ. அப்புறம் ஒவ்வொரு தடவையும் 80, 85 வரைக்கும் ஏத்தினா 120, 130. கணக்கு இவ்வளவுதாங்க.

டீசல் அண்ணா சொல்ற மாதிரி 5 இடமெல்லாம் இல்ல, 4 போதும்.

டீசல் துரை:
நாலா, அஞ்சா? ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.

கோவை வயர்மேன்:
சொல்றேங்க. 10-ல இருந்து 80 வரைக்கும் ஏற ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும், அது உண்மை. 4 மணி நேரம் சார்ஜர்ல, ஒம்பதரை மணி நேரம் ரோட்டுல. ஆனா மதியச் சாப்பாடு, காபி, பாத்ரூம் எல்லாம் அந்த 4 மணி நேரத்துக்குள்ளயே வந்திருது. உங்க வண்டியில போனா சாப்பிடாமயா போவீங்க?

புதுசா கிளம்பறவங்க செய்யற தப்பு ஒண்ணு இருக்குங்க. 120 கிலோவாட் சார்ஜர் கண்ணுல பட்டதும் அங்கதான் போய் வரிசையில நிப்பாங்க. நம்ம வண்டி எவ்வளவு பெரிய மிஷின்ல சொருகினாலும் சராசரியா 18 கிலோவாட் பக்கம்தான் இழுக்கும். பக்கத்துல 30 கிலோவாட் மிஷின் சும்மா நிக்கும், அதுல போடுங்க. 60 கிலோவாட் மிஷின்ல 2 கன் (வண்டியில சொருகற குழாய்) இருந்து, ரெண்டாவது கார் வந்து பவர் பாதியாப் பிரிஞ்சாலும் நமக்கு நஷ்டமில்ல. பெரிய பேட்டரிக்காரன்தான் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவான்.

வோல்ட் வாத்தியார்:
வயர்மேன் சொல்லும் 7.5 விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் பொருந்தும். திருநெல்வேலிக்குத் தெற்கே, அதுவும் ஆடியில், பொருந்தாது. முப்பந்தலில் இத்தனை காற்றாலை எதற்கு நட்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புனலில் ஊற்றியது போலப் பாய்ந்து வரும் இடம் அது. வள்ளியூர் தாண்டி நாகர்கோவிலுக்குத் திரும்பும்போது நீங்கள் நேராக அந்தக் காற்றின் வாய்க்குள் போகிறீர்கள்.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீங்கள் 80-ல் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், காருக்கு அது 110-ல் போவதற்குச் சமம். தடை 1.9 மடங்கு. அங்கே வேகத்தை 60-க்குக் குறைத்தால் 90-க்குச் சமம், தடை 1.3 மடங்கோடு நின்றுவிடும். பெட்ரோல் காருக்கும் இதே கதைதான். ஆனால் அங்கே டேங்கில் 35 லிட்டர் கிடப்பதால் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. 24 யூனிட்காரர் பார்த்தே ஆக வேண்டும்.

டீசல் துரை:
வாத்தியாரே, நீங்க என் கட்சியா அவர் கட்சியா?

வோல்ட் வாத்தியார்:
கணக்கின் கட்சி. மலை ஏறுவதானால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன். ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் வண்டியை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓடுவதற்கான செலவு தனி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம், அங்கேயே மூன்றில் ஒரு பங்கு பேட்டரி போய்விடும். நல்லவேளை, நாகர்கோவில் வழியில் ஏற்றம் பெரிதாக இல்லை.

நாஞ்சில் மருமகள்:
எல்லாரும் யூனிட்டும் கிலோவாட்டுமா பேசுறீங்க. பாத்ரூமைப் பத்தி வயர்மேன் அண்ணன் போற போக்குல ஒரு வார்த்தை சொன்னாரு, அவ்வளவுதான். நான் 2 வருஷமா மாமியாரைக் கூட்டிட்டுச் சின்ன பேட்டரி வண்டியிலதான் தாம்பரத்துல இருந்து ஊருக்கு வர்றேன். முட்டுவலிக்காரங்களுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருக்கா இறங்கி நடக்கிறது நல்லதுதான். டீசல் வண்டியில 5 மணி நேரம் ஒரே இருப்பா இருந்துட்டு இறங்க முடியாம கிடந்ததையும் பாத்திருக்கேன்.

ஆனா இறங்கின இடம் எப்படி இருக்கு? போன வருஷம் ராத்திரி ஒரு சார்ஜர். கம்பெனி பேரு வேண்டாம். ஆப்ல பச்சை விளக்கு. போய்ப் பாத்தா பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி இருட்டுல ஒரு மிஷின், பாத்ரூம் பூட்டு, ஒரு கன் செத்துக் கிடக்கு. இன்னொண்ணு ஓடி 4 நிமிஷத்துல நின்னுபோச்சு. வாலட்ல போட்ட 500 ரூபாய் திரும்பி வர 11 நாளாச்சு. மிச்சம் இருந்தது 12 சதவீதம். பக்கத்து ஊர் லாட்ஜ்ல ஏசிக்கு வெச்சிருந்த பிளக்கைக் கெஞ்சி வாங்கி விடிய விடிய ஏத்துனோம்.

அதுல இருந்து எனக்கு மூணே விதி. ஒத்தைக் கன் இருக்கிற இடத்தைக் கணக்குலயே சேக்க மாட்டேன். ஹோட்டல் வாசல்ல இருந்தாதான் நிறுத்துவேன். கிளம்புறதுக்கு முன்னாடி பிளக்ஷேர்ங்கிற சார்ஜர் தேடுற ஆப்ல கடைசியா யாரு, என்னிக்குச் சார்ஜ் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு, அந்த ஹோட்டலுக்கே போன் பண்ணிக் கேப்பேன், "அண்ணே, மிஷின் ஓடுதா?"ன்னு. ஆப் பொய் சொல்லும், வாட்ச்மேன் அண்ணன் சொல்ல மாட்டாரு.

டீசல் துரை:
இதைத்தானே நானும் சொல்றேன் தாயி! நடுராத்திரி லாட்ஜ்காரன்கிட்ட கரண்ட் பிச்சை எடுக்கிறது ஒரு பயணமா?

நாஞ்சில் மருமகள்:
அண்ணாச்சி, அதுக்கப்புறம் ஆறு தடவை வந்தாச்சு. ஒருக்கா கூட அப்படி ஆகல. முதல் தடவை நான் பிளான் போட்டது வண்டியோட ரேஞ்சை வெச்சு. இப்ப போடுறது சார்ஜரை வெச்சு. இந்த சார்ஜர் வேலை செய்யலைன்னா அடுத்ததுக்குப் போய்ச் சேர எவ்வளவு மிச்சம் வேணும்? அதைத்தான் முதல்ல எழுதுவேன்.

பெருங்களத்தூரான்:
ரொம்ப நன்றி அக்கா. லாட்ஜ் பிளக்னு சொன்னீங்களே, சாதாரண 15 ஆம்பியர் தானே? அதுல ஏறுமா?

கோவை வயர்மேன்:
ஏறுங்க. வண்டியோட குடுத்த போர்ட்டபிள் சார்ஜரை டிக்கியில போட்டுக்கங்க. 10-ல இருந்து முழுசா ஏற 9 மணி நேரம் பக்கம் ஆகும், ஒரு ராத்திரி. ஆனா எர்த் ஒழுங்கா இருக்கோணும். எர்த் இல்லீன்னா சொருகினதும் சிவப்பு லைட் எரியும், ஒரு பாயிண்ட் கூட ஏறாது. பழைய லாட்ஜ்கள்ல பாதிக்குப் பாதி இதுதான் தொல்லை. ரூம் போடறதுக்கு முன்னாடியே கீழ பார்க்கிங் பிளக்ல ஒருக்கா சொருகிப் பாருங்க. மெல்லிசு வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டாயம் ஆகாதுங்க, உருகிப்போகும். சொல்லாம சொருகாதீங்க, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு பேசிக் காசு குடுத்திருங்க. நமக்கு அடுத்து வர்றவனுக்கும் அந்த லாட்ஜ்காரர் பிளக் குடுக்கோணுமல்ல.

டீசல் துரை:
சரி, காசுக் கணக்குக்கு வருவோம். 680-ஐ 7.5-ஆல வகுத்தா 90 யூனிட். வீட்டுல ஏத்தினது போக வழியில 70. ஜிஎஸ்டியோட யூனிட் 24 ரூபாய்னா 1,700 ரூபாய். என் டீசல் 3,200. மிச்சம் 1,500. மதுரையில லாட்ஜ் எடுத்தா 2,000. ஆக, அரை நாளும் போச்சு, 500 ரூபாய் கைக்காசும் போச்சு. எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க.

வோல்ட் வாத்தியார்:
கணக்கு சரி. ஆனால் இந்த ஒரு பயணத்தில் மிச்சம் பிடிக்க யாரும் மின்கார் வாங்குவதில்லை. மீதி 360 நாளும் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை லாட்ஜுக்குக் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

டீசல் துரை:
அப்ப அந்த ஒரு நாளைக்கு மட்டும் வாடகை வண்டி எடுக்கலாமேங்கிறேன். அதுல என்ன மானக்கேடு?

வோல்ட் வாத்தியார்:
மானக்கேடு இல்லை. அது நியாயமான யோசனைதான்.

கோவை வயர்மேன்:
வாத்தியாரே, இப்படி விட்டுக் குடுத்தா எப்படிங்க! வாடகை வண்டிக்கும் டிரைவர் பேட்டா, நைட் ஹால்ட்டுன்னு வருதல்ல.

பெருங்களத்தூரான்:
இன்னொரு சந்தேகம். ஒரே நாள்ல 3, 4 தடவை ஃபாஸ்ட் சார்ஜ் போட்டா பேட்டரி கெட்டுப்போகும்னு ஆபீஸ்ல பயமுறுத்துறாங்க. பரனூர் டோல்ல 1 மணி நேரம் மாட்டினா என்ன பண்றது?

வோல்ட் வாத்தியார்:
பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி உண்டு. சூடு ஏறினால் வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வருஷத்தில் இரண்டு நாளுக்காகப் பயப்பட வேண்டாம். நெரிசலில் நிற்கும்போது மோட்டார் எதையும் தின்னாது. ஏசிக்கு மட்டும் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட், அதாவது 7, 8 கி.மீ. அதைவிட முக்கியமானது வேறு. இந்த வகை பேட்டரியில் சதவீதக் கணக்கு நாளடைவில் பிசகும். கிளம்புவதற்கு முந்தின இரவு மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் 18 என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 11-க்கு இறங்கும். 18-ஐ நம்பி அடுத்த ஊர் வரை போகலாம் என்று இருந்தவருக்கு அப்போதுதான் வியர்க்கும்.

நாஞ்சில் மருமகள்:
தம்பி, நீங்க இப்படிப் போங்க. விடியக்காலை 5 மணிக்கு 100-ல கிளம்பி விழுப்புரம், 130 கி.மீ., டிபன். அங்க இருந்து பெரம்பலூர் 110. பெரம்பலூர்ல இருந்து திருச்சி 60தான், ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு அங்க நிறுத்தி நல்லா ஏத்துங்க, ஏன்னா மதுரை 130. ராத்திரி மதுரை. மறுநாள் 100-ல கிளம்பி கோவில்பட்டி, 100. திருநெல்வேலி 60தான் இருக்குன்னு அங்க ஏத்தாம தாண்டிராதீங்க. வாத்தியார் சொன்ன காத்து அதுக்கப்புறம்தான். திருநெல்வேலியில 90-க்கு மேல ஏத்திட்டுப் போங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு எங்க ஊர்ல சும்மா சொல்லல.

பெருங்களத்தூரான்:
வீட்டுல பேசியாச்சு. அம்மாவையும் பிள்ளைங்களையும் என் தங்கச்சியோட வந்தே பாரத்ல அனுப்புறேன். நானும் மனைவியும் அக்கா சொன்னபடி கார்ல. கொடை 3 நாள், ஊர்ல சுத்த வண்டி வேணும்.

டீசல் துரை:
அப்ப நான் சொன்னதுதானே நடந்திருக்கு!

பெருங்களத்தூரான்:
பாதிதான் அண்ணே.

பெருங்களத்தூரான் (12 நாள் கழித்து):
வந்து சேந்துட்டோம். விழுப்புரத்துல எங்களுக்கு முன்னாடி 2 வண்டி, 50 நிமிஷம் காத்திருந்தோம். பெரம்பலூர், திருச்சி ரெண்டும் பிரச்சினை இல்ல. மதுரையில முதல் லாட்ஜ்ல சிவப்பு லைட், ரெண்டாவது லாட்ஜ்ல ஏறிச்சு. மதுரையில இருந்து கோவில்பட்டி வரைக்கும் யூனிட்டுக்கு 8.1 வந்துச்சு, மனைவி கைத்தட்டினாங்க.

திருநெல்வேலியில 92. வள்ளியூர் வரைக்கும் சுமாரா இறங்கிச்சு. முப்பந்தல் பக்கம் ஸ்டீயரிங்கை ரெண்டு கையால இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. 60-லதான் போனேன், அப்பவும் சதவீதம் கண்ணு முன்னாடி கழண்டு விழுந்துச்சு. நாகர்கோவில் வடசேரி வந்து பார்த்தா 29. 80 கிலோமீட்டருக்கு 63 சதவீதம்! கோவில்பட்டியில ஏத்தினதோட நேரா வந்திருந்தா ஆரல்வாய்மொழி தாண்டியிருக்க மாட்டோம்.

அம்மா மதியம் 2 மணிக்கெல்லாம் வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டாங்க, டீசல் அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னாங்க.

டீசல் துரை:
அம்மாவுக்கு என் வணக்கம். திரும்பி வரும்போது காத்து முதுகுப் பக்கம் இருக்குமே, அதே 80 கிலோமீட்டருக்கு எத்தனை சதவீதம் ஆச்சுன்னு போடுங்க தம்பி. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.